வயிற்றோட்டமும் ஒரு சிறு போத்தலும்

கொழும்பிலே ‘தோட்டம்’ என்ற சொல்லைக் கேட்கும் வெளியூரார் மரமும் கொடியும் நிறைந்த ஓரிடத்தையே மனத்தில் எண்ணுவர். கொம்பனித்தெருவிலே பிறந்து வளர்ந்தவர்க்கோ அச்சொல் வேறு பொருள் தரும். ஒரு சிறு முற்றத்தைச் சுற்றி ஒட்டி ஒட்டி எழுந்த ஓரறை, ஈரறை வீடுகள். எல்லார்க்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். எல்லார்க்கும் பொதுவாக இரண்டொரு மலசலகூடங்கள். இவை யாவும் சேர்ந்ததே தோட்டம். மலாயரும் தமிழரும் சோனகரும் சிங்களவரும் அடுத்தடுத்த வாசல்களில் இருந்துகொண்டு, பெருநாட் பலகாரத்தையும் பொங்கலையும் மாற்றி உண்டு வாழ்ந்த இடங்கள் அவை. இன்று பேரை வாவிக் கரையிலே வானளாவிய மாடங்கள் எழுந்துவிட்டன. பழைய தோட்டங்கள் பல அகற்றப்பட்டு, அவற்றிலிருந்த குடும்பங்கள் மாடிக் குடியிருப்புகளுக்குச் சென்றுவிட்டன. எனினும், எஞ்சியிருக்கும் ஒழுங்கைகளிலே வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சுவரேதான் இன்றும் உள்ளது.

அத்தகைய ஒழுங்கையொன்றிலே ஒரு வீடு இருப்பதாக எண்ணிக்கொள்க. அவ்வீட்டில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம். முதல் நாள் தண்ணீராகப் போயிற்று. மறு நாள் அடிக்கடி சிறிது சிறிதாக, சளியும் இரத்தமும் கலந்து போகத் தொடங்கியது. காய்ச்சலும் வயிற்று முறுக்கும் சேர்ந்துகொண்டன. தாய் அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுகிறாள். அவர் பிள்ளையைப் பார்த்து, நீரிழப்பைக் கணித்து, வேண்டிய மருந்தை எழுதுகிறார். மருந்து தொடங்குமுன் மலத்தை ஒருமுறை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று கூறி, மூடியுள்ள சிறு போத்தல் ஒன்றைக் கொடுக்கச் செய்கிறார்.

வீடு திரும்பியதும் மாமியார் கேட்கும் முதற் கேள்வி, “பிள்ளை, இதைப் போய்ப் போத்தலில் அடைச்சுக்கொண்டு பஸ்ஸிலே போறதோ? பார்க்கிற சனம் என்ன சொல்லும்?” என்பதுதான். கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் கொழும்பிலும் வேறெங்கும் எத்தனையோ போத்தல்கள் வெறுமையாகவே அலுமாரித் தட்டின் பின்னால் கிடப்பதற்குக் காரணம் இந்தக் கேள்வியே. சிறுநீரைக் கொடுக்கக் கூச்சமில்லை. இரத்தத்தைக் கொடுக்கக் கூச்சமில்லை. மலம் என்றவுடன் மட்டும் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். ஆனால் குடலிலே நிகழ்வதற்கு அதைவிட நேரான சாட்சி வேறில்லை.

அச்சாட்சியை முதன்முதல் கூச்சமின்றி விசாரித்தவர் மருத்துவர் அல்லர்; ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஒருவர். அந்தோனி வான் லேவன்ஹூக் என்னும் அவர், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையினூடாக எதையும் உற்றுநோக்கும் வழக்கமுடையவர். 1681ஆம் ஆண்டில் தமக்கு வயிற்றோட்டம் கண்டபோது தமது மலத்தையே அவ்வில்லையின் கீழ் வைத்தார். அங்கே நீந்தித் திரிந்த சிற்றுயிர்களைக் கண்டு இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதினார். அவர் கண்டது ஜியார்டியா என்று இன்று அழைக்கப்படும் ஒட்டுண்ணி என்பது அறிஞர் கருத்து.

எல்லா வயிற்றோட்டத்துக்கும் இந்தப் பரிசோதனை வேண்டுமா? வேண்டியதில்லை. இதனைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் நன்று. ஏனெனில், பரிசோதனையின் பெயரால் காலத்தையும் காசையும் வீணாக்குவோரும் உளர். தண்ணீராகப் போகும் சாதாரண வயிற்றோட்டம் பெரும்பாலும் சில நாள்களில் தானே அடங்கிவிடும். குழந்தைகளைப் பொறுத்தமட்டில் அதற்குக் காரணம் பல வேளைகளில் வைரசு என்னும் நுண்பொருளாகும். அங்கே உயிரைக் காப்பது உப்பும் சீனியும் உரிய அளவில் கலந்த நீரேயன்றிப் போத்தலன்று. ‘ஜீவனி’ என்ற பெயரில் கடைகளிலும் மருந்தகங்களிலும் கிடைக்கும் பொடியைக் கொதித்தாறிய நீரிலே, பொதியில் எழுதியுள்ள அளவுப்படி கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்துவர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது, உணவையும் நிறுத்தலாகாது. சோதனையின் முடிவு வரட்டும் என்று எவரும் நீர் கொடுக்கத் தாமதித்தல் பெருந் தவறு.

பின், எப்போது போத்தல் வேண்டும்? மலத்தில் இரத்தம் கண்டால். கடுங் காய்ச்சல் உடனிருந்தால். இரண்டு வாரம் கடந்தும் வயிற்றோட்டம் ஓயாதிருந்தால். அரிசி கழுவிய நீர் போன்று குடங்குடமாகப் போய் ஆள் சுருண்டு விழுந்தால். ஒரே வீட்டில், ஒரே பாடசாலையில், ஒரே கடையில் உண்டவர் பலர் ஒருமிக்க நோயுற்றால். வேறு நோயால் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கும் இது தேவைப்படலாம். மேற்சொன்ன சிறுவனின் மலத்தில் இரத்தம் இருந்தது. ஆகவே, அவனுக்கு அது தேவை.

இரத்தமும் சளியுமாகப் போகும் நோயை ஈழத்தவர் வயிற்றுளைவு என்றும் சீதபேதி என்றும் கூறுவர். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இந்நோய்க்கு இருவேறு தலைவர்கள் உளர் என்பதை உலகம் அறிய நெடுங்காலம் சென்றது. 1875இல் உருசிய நாட்டிலே லெஷ் என்னும் மருத்துவர் நோயாளியொருவரின் மலத்தில் நகரும் அமீபாவைக் கண்டார். 1897இல் யப்பானில் சீதபேதி பெருவாரியாகப் பரவியபோது, கியோஷி சீகா என்னும் இளைஞர் முற்றும் வேறான ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அமீபாவைவிட மிகச் சிறிய, கோல் வடிவான பற்றீரியா அது. அவர் பெயராலேயே அவ்வினம் இன்று சிகெல்லா எனப்படுகின்றது. ஒரு நோய்க்கு அமீபாவைக் கொல்லும் மருந்து வேண்டும். மற்றதற்குப் பற்றீரியாவைக் கொல்லும் மருந்து வேண்டும். ஒன்றன் மருந்து மற்றதற்குக் கொடுக்கப்பட்டால் நோயாளி மருந்துண்டும் மருந்துண்ணாதவரே ஆவார்.

இந்த வரலாற்றில் கொழும்புக்கும் ஓர் இடம் உண்டு. 1900ஆம் ஆண்டிலே த சொய்சா குடும்பத்தாரின் கொடையால் கொழும்பில் ஒரு பற்றீரியா ஆய்வுநிலையம் தோன்றிற்று. பொரளையில் இன்று மருத்துவ ஆராய்ச்சி நிலையம் என விளங்குவது அதன் வழிவந்ததே. 1903இல் அல்தோ கஸ்தெல்லானி என்னும் இத்தாலியர் கொழும்புக்கு வந்து, 1915 வரை இங்கே பணியாற்றினார். இலங்கையில் வயிற்றுளைவுக்குக் காரணம் யாது என்பதை ஆராய்ந்து 1904இல் அவர் எழுதிய கட்டுரை இங்கிலாந்தின் சுகாதார ஆய்விதழில் வெளிவந்தது. வெப்ப நாடுகளின் வயிற்றுளைவு என்றால் அமீபாதான் என்று பலரும் எண்ணியிருந்த அக்காலத்தில், இத்தீவில் பற்றீரியாவால் வருவதும் உண்டு என்பதைக் கொழும்பு நோயாளரின் மலமே மெய்ப்பித்தது.

அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கண்டத்தில் நிகழ்ந்த துயரம் இதனை மேலும் விளக்கும். 1969இல் நடு அமெரிக்காவின் குவாத்தமாலாவில் இரத்தபேதி பரவிற்று. நுணுக்குக்காட்டியில் அமீபா தென்பட்டதனால் மருத்துவர் பலர் அதனை அமீபா நோயென்றே கொண்டு அதற்குரிய மருந்தைக் கொடுத்து வந்தனர். மக்கள் மடிந்துகொண்டேயிருந்தனர். மலத்தை முறையாக வளர்ப்பூடகத்தில் இட்டுப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கொன்றது சீகா கண்ட அதே பற்றீரியா. அதுவும் அக்காலத்தில் வழங்கிய மருந்துகள் பலவற்றுக்குப் பணியாத இனம். அமீபா, அங்குள்ள மக்களின் குடலிலே முன்பே இருந்த வெறும் வழிப்போக்கன். உண்மை தெரிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் மாண்டுவிட்டனர். பரிசோதனை செய்யாமை ஒரு பிழை. அரைகுறைப் பரிசோதனையை நம்பியிருத்தல் அதனினும் பெரும் பிழை.

இனிப் போத்தலுக்கு வருவோம். ஆய்வுகூடத்திலே எத்துணை விலையுயர்ந்த பொறி இருந்தாலும், சோதனையின் பாதி வீட்டிலேயே முடிந்துவிடுகின்றது. அந்தப் பாதியைச் செய்பவள் தாய்.

மருத்துவமனையில் கொடுத்த போத்தல் கைதவறி உடைந்துபோனால், வீட்டில் கிடக்கும் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம். கொம்பனித்தெருவிலே மலாய் அச்சாற்றுப் போத்தல் எளிதில் அகப்படும். வாயகன்றது, மூடியுள்ளது, பார்க்க ஏற்றதாகவே தோன்றும். ஆனால், அதன் அடியிலே ஒட்டியிருக்கும் வினாகிரி கிருமிகளுக்குப் பகை. வேறு சிலர், ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவது துப்புரவாக இருக்க வேண்டுமே என்ற நல்லெண்ணத்தால், கிருமிநாசினி விட்டுப் போத்தலைக் கழுவுவர். நல்லெண்ணம் நல்லதே. அதனால், ஆய்வுகூடத்தார் தேடும் கிருமி அவர்களைச் சென்றடையுமுன்னரே மாண்டுபோகின்றது. ‘கிருமி எதுவும் காணப்படவில்லை’ என்ற அறிக்கை வருகின்றது. பிள்ளையின் வயிற்றில் கிருமி இருந்தபடியே இருக்கின்றது. நெருப்புப் பெட்டியில் மடித்துக் கொண்டுவருவோரும் உண்டு. அது வழியிலேயே உலர்ந்துவிடும். போத்தல் கழுவி நன்றாக உலர்த்தப்பட்டதாய், மருந்து வாடையோ உணவு மிச்சமோ இல்லாததாய் இருத்தல் வேண்டும், அவ்வளவே.

மலசலகூடக் குழியிலிருந்து அள்ளிக் கொடுத்தல் ஆகாது. அங்கே நூறுபேர் கிருமியும் கழுவிய நீரும் கலந்திருக்கும். சிறுவனைச் சுத்தமான சட்டியொன்றில் இருத்த வேண்டும். சட்டியைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி அலசி ஆறவிட்டிருந்தால் போதும். சிறுநீர் கலவாதிருத்தல் நலம். பெரியவர்களாயின், சுத்தமான காகிதத்தையோ பொலித்தீன் தாளையோ விரித்துக்கொள்ளலாம். இரும வேண்டியது மிகச் சிறிதே. கட்டியாயின் ஒரு பாக்களவு. தண்ணீராயின் இரண்டு தேக்கரண்டி. போத்தல் நிறைய வேண்டும் என்பதில்லை; நிறைந்த போத்தல் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியில் பொங்கும். முக்கியமானது அளவன்று, தேர்வு. இரத்தமும் சளியும் எங்கே தென்படுகின்றனவோ அப்பகுதியையே சிறு கரண்டியால் எடுத்து இடவேண்டும். பார்க்க அருவருப்பான அப்பகுதியை விலக்கி, பார்வைக்கு நன்றாயிருக்கும் பகுதியை எடுத்து அனுப்பும் தாய்மாரும் உளர். விருந்தினருக்கு நல்லதை எடுத்துவைக்கும் அதே பழக்கம்!

மூடியை இறுக்கிய பின், பெயர், வயது, நாள், மலம் கழித்த நேரம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் போத்தலின் உடலில் ஒட்ட வேண்டும். மூடியில் ஒட்டினால் ஆய்வுகூட மேசையில் மூடி மாறும், மூடியோடு நோயும் மாறும். பின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! அச்சிறுவனின் மலத்தில் சிகெல்லா இருக்குமாயின், பத்து முதல் நூறு கிருமிகள் வாய்க்குள் சென்றாலே மற்றொருவருக்கு நோய் வரக்கூடும். கொலராக் கிருமி நோய் விளைவிக்க இலட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் உட்புக வேண்டும். சிகெல்லாவுக்கோ நகக்கண்ணில் ஒட்டியது போதும். ஒரு குழாயைப் பலர் திருகும் தோட்டத்தில் இதன் பொருள் யாதென்பதை எவரும் ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, நேரம். போத்தலிலே இருப்பது உயிருள்ள பொருள், அது காத்திராது. நீராகப் போன மலத்திலுள்ள அமீபா அரைமணி நேரத்துக்குள் நுணுக்குக்காட்டியின் கீழ்ச் சென்றால் கால் நீட்டி நகர்வதைக் காணலாம். அதன்பின் அது சுருண்டு அசைவற்றுப் போகும். அசையாத அமீபாவை வெள்ளணுவிலிருந்து பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் அரிது. சிகெல்லாவோ மேலும் மென்மையானது. மலம் நேரஞ்செல்லப் புளிக்கும். அப்புளிப்பிலேயே அது மடியும். ஆகவே, ஓரிரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்ப்பித்தல் விதி. கொம்பனித்தெருவிலிருந்து பொரளை சில கிலோமீற்றர் தொலைவே. ஆயினும் காலை வேளையில் யூனியன் பிளேசில் நிற்கும் வாகன வரிசையைக் கண்டவர்கள் தொலைவைக் கிலோமீற்றரால் அளக்கமாட்டார்கள். இரவிலே எடுத்து யன்னலில் வைத்து, காலையில் வேலைக்குப் போகும் அண்ணனிடம் கொடுத்தனுப்புவதைவிட, காலையில் மருத்துவமனைக்குச் சென்று அங்கேயே கொடுப்பது நன்று. பிள்ளைக்கு அவ்வேளையில் மலம் வராவிடில், மலவாயிலில் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுக்கும் முறையும் உண்டு.

தூர இடங்களிலிருந்து அனுப்புவோர்க்காக அறிஞர் உபாயங்கள் கண்டுள்ளனர். 1964இல் கேரி, பிளேர் என்னும் இருவர் அமைத்த கூழ்போன்ற ஊடகத்தில் தோய்த்த குச்சியிலே கிருமிகள் பெருகாமலும் மாளாமலும் பயணஞ் செய்யும். அதற்கும் முன்னே, 1941இல், தென்னிந்தியாவில் கொலராவை ஆராய்ந்த வெங்கட்ராமன், இராமகிருஷ்ணன் என்னும் இருவர் கண்ட உபாயம் தமிழ் மக்கள் பெருமையுடன் நினைக்கத் தக்கது. கடலுப்பும் சிறிது பெப்தோனும் நீரிலே கரைத்துக் காரத்தன்மை ஏற்றிய ஒரு கரைசல், அவ்வளவுதான். மற்றக் கிருமிகள் அதிலே ஒடுங்கிக் கிடக்க, கொலராக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். விலை மலிந்த உப்பைக்கொண்டு, ஆய்வுகூடம் இல்லாத சிற்றூரின் சாட்சியைத் தொலைதூர நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். அவர்கள் பெயரின் முதலெழுத்துக்களாலேயே அது ‘வீ. ஆர். திரவம்’ என்று உலகெங்கும் வழங்கலாயிற்று.

ஆய்வுகூடத்தின் உள்ளே நிகழ்வதையும் சிறிது பார்க்கலாம். வந்த மாதிரியை முதலிற் கண்ணால் பார்ப்பர். பின், உப்புநீர்த் துளியொன்றிலும் அயடீன் துளியொன்றிலும் சிறிதளவு கலந்து, கண்ணாடித் தகட்டில் இட்டு நுணுக்குக்காட்டியால் நோக்குவர். செங்குருதியணுக்களை விழுங்கியபடி நகரும் அமீபா தென்பட்டால் அமீபா வயிற்றுளைவு என்பது ஏறக்குறைய உறுதி. வெறும் கூட்டுறை மட்டும் தென்பட்டால் உறுதியில்லை. நோய் செய்யும் அமீபாவைப் போலவே தோற்றமுடைய, நோய் செய்யாத இனம் ஒன்றும் உண்டு. ஜியார்டியா போன்றவை நாள்தோறும் வெளிப்படுவதில்லை. அதனாலேயே ஒட்டுண்ணியைத் தேடும்போது ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று மாதிரி கேட்பதுண்டு. ‘ஒருமுறை கொடுத்தாயிற்றே, இன்னும் ஏன் அலைக்கழிக்கிறார்கள்?’ என்று முறையிடுவோர் இதனை அறிந்தால் முறையிடார்.

சிகெல்லா போன்ற பற்றீரியாவை நுணுக்குக்காட்டியால் இனங்காண இயலாது. குடலில் இயல்பாக வாழும் கோடிக்கணக்கான கோற்கிருமிகளுள் அதுவும் ஒரு கோலாகவே தோன்றும். அதனை வளர்த்தே அறியவேண்டும். வளர்க்கும் தட்டிலே பரப்பியிருப்பது என்ன? கடற்பாசி. நோன்பு காலத்திலே கொம்பனித்தெருவின் மலாய் வீடுகளிலும் சோனக வீடுகளிலும் நிறமூட்டிச் சீனியிட்டுக் காய்ச்சி, வெட்டித் தட்டில் அடுக்குவார்களே, அதே கடற்பாசி! இது வெறும் ஒப்புமையன்று. 1881ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் றொபேட் கொக் என்னும் அறிஞரின் ஆய்வுகூடத்திலே கிருமிகளை வளர்க்கும் ஜெலற்றீன் கோடை வெப்பத்தில் உருகிப் பெருந் தொல்லை தந்தது. அங்கு பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸே என்பாரின் மனைவி ஃபன்னி ஹெஸ்ஸே, தம் அடுக்களையில் பழக்கூழ் செய்யப் பயன்படுத்திய அகர் அகரை இட்டுப் பார்க்குமாறு கூறினார். அதனை அவருக்குக் கற்பித்தவர், யாவாவில் வாழ்ந்து மீண்ட ஓர் ஒல்லாந்த அயலார். அகர் அகர் என்பதே மலாய்ச் சொல். ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலிருந்தும் சூழவுள்ள தீவுகளிலிருந்தும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தோர் வாழ்ந்தமையாலன்றோ கொம்பனித்தெருவில் ஜாவா ஒழுங்கையும் மலே வீதியும் உள்ளன! யாவாவின் அடுக்களைப் பொருள் ஒன்று ஜேர்மனிக்குச் சென்று, உலகிலுள்ள கிருமியாய்வுகூடங்கள் அனைத்திலும் ஏறி அமர்ந்துவிட்டது. கொக் அதனைத் தம் கட்டுரையில் ஒரே வாக்கியத்தில் குறிப்பிட்டார். ஃபன்னியின் பெயரை அவர் குறிப்பிடவில்லை.

கடற்பாசித் தட்டிலே பித்த உப்பும் பாற்சீனியும் நிறக்காட்டியும் சேர்த்திருப்பர். மாதிரியை அதிலே கோடு கோடாக இழுத்து, உடல் வெப்பமாகிய 37 பாகையில் ஓரிரவு வைப்பர். பாற்சீனியை உண்ணும் சாதாரணக் குடற்கிருமிகள் இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் திரளும். அதனை உண்ணாத சிகெல்லாவும் நெருப்புக்காய்ச்சல் இனத்துக் கிருமிகளும் நிறமற்ற புள்ளிகளாக நிற்கும். அந்நிறமற்ற புள்ளியைத் தனியே எடுத்து மறுநாள் மேலும் சோதிப்பர். இன்ன கிருமிதான் என்று உறுதிசெய்ய, அக்கிருமிக்கு எதிரான ஊனீர்த் துளியோடு கலப்பர். உரியதாயின் தயிர் திரைவது போலத் திரையும். உறவுக் கிருமிகளும் சிறிது திரையக்கூடும். அந்தக் குழப்பத்தை நீக்க, உறவுக் கிருமியைக்கொண்டு ஊனீரிலுள்ள பொதுப் பகுதியை முன்கூட்டியே உறிஞ்சி எடுத்துவிடும் உபாயத்தை 1902இல் வகுத்தவர், பின்னர் கொழும்புக்கு வந்த அதே கஸ்தெல்லானி. இறுதியாக, எந்த மருந்துக்கு அக்கிருமி பணியும், எதற்குப் பணியாது என்பதை மருந்தூட்டிய சிறு காகித வட்டங்களைக் கொண்டு காண்பர். சிகெல்லா ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருந்துகளுக்குப் பணிய மறுத்துவிட்ட இக்காலத்தில், மருத்துவர் ஆவலோடு எதிர்பார்ப்பது அறிக்கையின் இக்கடைசி வரியைத்தான்.

இவ்வாறு இரண்டு மூன்று நாள் செல்கின்றது. அதுவரை மருத்துவர் கைகட்டி இருப்பதில்லை; தமது அனுபவத்தைக்கொண்டு மருந்து தொடங்கிவிடுகிறார். மருந்தின் முதல் வேளைக்குமுன் மாதிரி எடுக்க வேண்டும் என்பதற்குக் காரணமும் அதுவே. மருந்து உட்சென்ற பின் கிருமி ஒளிந்துகொள்ளும். முந்திய நோயில் மிஞ்சிய மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டு மலத்தைக் கொடுப்பவர், தமது பணத்தைச் செலவிட்டுத் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்.

இப்போது கிருமியின் மரபுப்பொருளையே தேடிப் பெருக்கிக் காட்டும் பொறிகள் வந்துள்ளன. ஒரே மாதிரியில் இருபதுக்கும் மேற்பட்ட கிருமிகளை ஒருசில மணி நேரத்தில் அவை தேடிவிடும். தட்டில் வளராத வைரசுகளையும் விடா. வியத்தகு வேலைதான். எனினும், செத்த கிருமியின் எச்சத்தையும் உயிருள்ளதென்றே அவை கணக்கிடக்கூடும். மருந்துக்குப் பணியுமா என்பதைக் கடற்பாசித் தட்டைப்போல் முழுமையாகச் சொல்லவும் மாட்டா. விலையும் அதிகம். எனவே, பழைய தட்டு இன்னும் தன் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை.

அறிக்கை ஒரு வீட்டின் செய்தியோடு முடிவதில்லை. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடைச் சட்டத்தின் வழி, இலங்கையில் கொலராவும் வயிற்றுளைவும் நெருப்புக்காய்ச்சலும் உணவு நஞ்சாதலும் அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். நோயென்று ஐயுற்ற மருத்துவர் 544ஆம் இலக்கச் சுகாதாரப் படிவத்தை நிரப்பி அனுப்புவார். அது சுகாதார வைத்திய அதிகாரியிடம் சென்று, அவரிடமிருந்து பரிசோதகருக்குச் செல்லும். பரிசோதகர் வீட்டுக்கு வருவார், குழாயைப் பார்ப்பார், கூடத்தைப் பார்ப்பார், வேறு யாருக்கு வயிறு சரியில்லை என்று கேட்பார். இந்த ஒழுங்கு வீண்போகவில்லை. 1961இல் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் தொடங்கிய கொலராவின் ஏழாம் உலகப் பரவல் 1970களில் இலங்கையையும் தொட்டது. இத்தீவில் கொலரா இறுதியாகப் பதிவானது 2003இல். அவ்வாறிருந்தும், அரிசிக் கழுநீர்போல் மலம் போனால் ஒரு மாதிரி இன்றும் எடுக்கப்படுகின்றது. வாசற்காவலன் திருடன் வராத நாளிலும் விழித்திருக்கத்தான் வேண்டும்.

பரிசோதகர் நோயற்றவர்களிடமும் சில வேளைகளில் மாதிரி கேட்பார். அங்கேதான் சச்சரவு பிறக்கும். ‘எனக்கு ஒன்றுமில்லையே, என்னிடம் ஏன்?’ என்பர். 1907இல் நியூயோர்க் நகரிலே சமையற்காரியாயிருந்த மேரி மலன் கேட்டதும் இதே கேள்விதான். அவர் சமைத்த வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக நெருப்புக்காய்ச்சல் கண்டது. அவருக்கோ ஒரு குறையுமில்லை. மலமாதிரி கேட்டுவந்த ஜோர்ஜ் சோப்பர் என்னும் ஆய்வாளரை இறைச்சி வெட்டும் முள்ளை ஏந்தித் துரத்தினார் அந்த அம்மையார். பின்னர் வலுக்கட்டாயமாக எடுத்த மாதிரிகளிலே கிருமி மீண்டும் மீண்டும் வெளிப்பட்டது. தம் வாழ்வின் இருபத்தாறு ஆண்டுகளை அவர் தனித்தீவொன்றில் கழிக்க நேர்ந்தது. அவர் மீது குற்றஞ் சுமத்துவோர் பலர். முதல் நாள் அவரிடம் சென்றவர், ஒரு குற்றவாளியிடம் செல்வதுபோல் செல்லாமல், இதமாக அமர்ந்து விளக்கியிருந்தால் கதை மாறியிருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும். சமையற்கடையில் வேலை செய்பவருக்கு மாதிரி கொடுப்பதனால் சம்பளம் போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை, அவரிடமிருந்து உண்மையான போத்தல் வருமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று. பக்கத்து வீட்டுக் குழந்தையின் மலத்தைத் தம் போத்தலில் இட்டுக் கொடுத்து வேலையைக் காத்துக்கொள்ளவும் அவர் துணியக்கூடும்.

மீண்டும் அந்த ஒழுங்கைக்கு வருவோம். மாமியாரின் கேள்விக்குத் தாய் மறுமொழி கூறாமல், போத்தலை ஒரு காகிதப் பையில் இட்டு, அதனை மேலுமொரு பையில் இட்டு, மகனையும் ஏந்திக்கொண்டு மருத்துவமனை மேசையில் கொண்டுபோய் வைக்கிறாள். “எத்தனை மணிக்குப் போனது, அக்கா?” என்று தாதி கேட்கிறாள். “இப்ப ஒரு முக்கால் மணித்தியாலம் இருக்கும், மிஸ்.” தாதி நேரத்தைப் பார்த்துச் சீட்டிலே எழுதுகிறாள். மூன்றாம் நாள் அறிக்கை வருகின்றது: சிகெல்லா; தொடங்கிய மருந்துக்குப் பணியவில்லை; மாற்று மருந்துக்குப் பணிகின்றது. மருத்துவர் மருந்தை மாற்றுகிறார். அடுத்த கிழமை பரிசோதகர் முற்றத்துக்கு வரும்போது, எதிர்வீட்டு மலாய்க் கிழவி வாசலில் வந்து நின்று, தன் பேத்திக்கும் இரண்டு நாளாக வயிறு சரியில்லை, தனக்கும் ஒரு போத்தல் வேண்டும் என்று கேட்கிறாள்.